நஞ்சராயன் குளத்துக்கு வருகிற வடகோடி விருந்தாளி: சாலிம் அலி மாட்டிய வளையம் என்ன சொன்னது?

ஜனவரி மாதம், காலை ஏழு மணி. திருப்பூரை ஒட்டி, சர்க்கார் பெரியபாளையம் பக்கம் இருக்கிற நஞ்சராயன் குளத்தின் சேற்றோரத்தில் ஒரு சின்னப் பறவை வாலை ஆட்டி ஆட்டி இரை தேடிக்கொண்டிருக்கும். பழுப்பு முதுகு, அதில் பொரி தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பெயரே பொரி உள்ளான்தான். எடை அறுபது கிராம் அளவு. பனியன் கம்பெனி ஷிஃப்டுக்கு வண்டியில் பறக்கிறவர்கள் கண்ணுக்கு அது ஏதோ ஒரு குருவி.

ஆனால் அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற ஊர் வேறு. ஸ்காண்டிநேவியாவில் தொடங்கி ரஷ்யாவின் கிழக்குக் கோடி வரை, ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ளேயும் அதை ஒட்டியும் கிடக்கிற சதுப்பு நிலங்கள்தான் அதன் பிறந்த வீடு. அங்கே குஞ்சு பொரித்து முடித்ததும் கிளம்பி, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம்ம ஊர்க் குளத்துக்கு வருகிறது.

சரி, இது எப்படித் தெரியும்? பறவையிடம் பாஸ்போர்ட் இல்லை. ஜி.பி.எஸ். வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்று ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் அந்தக் கணக்கைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தவர் சாலிம் அலி. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் வேலை மறுக்கப்பட்டவர்.

கறிக்கு அடித்த குருவி

1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தார் சாலிம் அலி. குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பா போய்விட்டார், மூன்று வயதில் அம்மாவும். தாய்மாமா அமீருத்தீன் தையப்ஜியும் மாமி ஹமீதா பேகமும்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். மாமாவுக்கு வேட்டை என்றால் உயிர். பையனுக்கும் கையில் ஒரு ஏர்கன் கிடைத்தது.

பத்து வயதையொட்டிய ஒரு நாள் அவர் சுட்டு விழுத்திய சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. வழக்கமான குருவிக்கு அது கிடையாது. இதைச் சாப்பிடலாமா, கூடாதா என்று மாமாவிடம் கேட்கப் போனார். மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் உறுப்பினராக இருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பையனை அனுப்பி வைத்தார்.

அங்கே கௌரவச் செயலாளராக இருந்த டபிள்யூ. எஸ். மில்லார்ட், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அதோடு விடவில்லை. பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். ஒரு வெள்ளைக்காரர், சின்னப் பையனுக்காக அன்றைக்கு ஒதுக்கிய நேரம் வீண்போகவில்லை. அந்தச் சங்கத்தோடு சாலிம் அலிக்கு ஏற்பட்ட உறவு சாகும்வரை தொடர்ந்தது.

படிப்பு மட்டும் சரியாக ஓடவில்லை. செயின்ட் சேவியர் கல்லூரியில் சேர்ந்தவர் முதல் வருடத்திலேயே நிறுத்திவிட்டு, பர்மாவின் தவாய்க்குப் போய் குடும்பத்தின் சுரங்க, மரத் தொழிலைப் பார்த்தார். தொழில் தேறவில்லை. சுற்றியிருந்த காடு மட்டும் பிடித்துப்போனது. ஊர் திரும்பி வணிகமும் விலங்கியலும் கொஞ்சம் கொஞ்சம் படித்தார். 1918-ல் தெஹ்மினாவைத் திருமணம் செய்துகொண்டார். மறுபடி பர்மா போய், மறுபடி திரும்பி வந்தார். முப்பது வயதை நெருங்கும்போது அவர் கையில் நிலையான தொழிலும் இல்லை, பட்டமும் இல்லை.

இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணிக்கு முயன்றார். முறையான பட்டம் இல்லையென்று கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்கிற வேலை கிடைத்தது. இரண்டே வருடத்தில் அது அலுத்துவிட்டது. விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குக் கப்பலேறினார்.

வடகடல் தீவில் கற்ற பாடம்

பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற பேராசிரியர். அந்தக் காலப் பறவையியலில் உலகப் பெரிய பெயர். பட்டமில்லாத இந்தியரை அவர் சமமாக நடத்திக் கற்றுக் கொடுத்தார். சாலிம் அலி தன் குரு என்று கடைசிவரை சொன்னது இவரைத்தான்.

அந்தப் பயணத்தில்தான் அவர் ஹெலிகோலாந்துக்கும் போனார். வடகடலில் இருக்கும் குட்டித் தீவு அது. அதன் செங்குத்துப் பாறைகளில் கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும். வலசை போகும் சிறு பறவைகளும் களைத்துப்போய் அங்கே இறங்கும். அவற்றைப் புனல் மாதிரியான பெரிய வலைக்கூண்டில் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, அளந்து, எடை பார்த்துப் பறக்க விடுகிற நிலையம் ஒன்று அங்கே இருந்தது.

வளையம் மாட்டுவது கேட்க ரொம்ப எளிமை. 1899-ல் டென்மார்க்கில் மார்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர், மைனா இனப் பறவைகளுக்கு அலுமினிய வளையம் மாட்டி இதை முறைப்படி ஆரம்பித்தார். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு எண், ஒரு முகவரி. வேறெங்கோ யாராவது அந்தப் பறவையைப் பிடித்தாலோ, செத்துக் கிடப்பதைப் பார்த்தாலோ அந்த முகவரிக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஐ.டி. கார்டு மாதிரிதான். ஆனால் கார்டு போட்டவர் திரும்பி வருவாரா என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. ஆயிரக்கணக்கில் மாட்டினால் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் தகவல் வரும். பொறுமை இல்லாதவர்களுக்கான வேலை இல்லை இது.

இந்தியாவிலும் இது முற்றிலும் புதுசில்லை. 1920-களிலேயே தார் சமஸ்தானத்து மகாராஜா வாத்துகளுக்கு வளையம் மாட்டியிருக்கிறார். ஆனால் தொடர்ச்சி இல்லை, ஆளும் இல்லை.

வேலை போனது, தூக்கணாங்குருவி கிடைத்தது

1930-ல் ஊர் திரும்பினால், அருங்காட்சியக வேலையே இல்லை. பணமில்லை என்று பதவியை நீக்கியிருந்தார்கள். கைச்செலவுக்கே திண்டாட்டம். பம்பாய்க்கு எதிர்க்கரையில் இருக்கும் கிஹிம் என்ற கடற்கரை ஊருக்கு மனைவியோடு குடிபோனார்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டும். பெண் வந்து உள்ளே நுழைந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும், ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். அப்புறம் அதே ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த பெண்ணுக்காகக் காத்திருக்கும். இதை முதலில் தெளிவாக எழுதியவர் அவர்தான். வேலை இல்லாத காலத்தில் செய்த அந்த ஆய்வுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

அந்த நாட்களில் கொஞ்ச காலம் கோத்தகிரியிலும் இருந்தார். இன்றைக்குத் திருப்பூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி எடுத்துப் போகிற அதே கோத்தகிரி. சமஸ்தானங்களின் பறவைகளை முறைப்படி பட்டியல் போடலாம் என்ற திட்டம் அவருக்கு அப்போதுதான் உருவானது. சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் வைத்த கோரிக்கை. ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சுற்றினார். முகாம்களை நடத்தியது, கணக்குப் பார்த்தது, எழுதியதைத் திருத்தியது எல்லாமே தெஹ்மினா. 1939-ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் இறந்துபோனார். சாலிம் அலி அதற்குப் பிறகு மறுமணம் செய்துகொள்ளவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கணக்கெடுப்பு துப்பாக்கியோடுதான் நடந்தது. பறவையைச் சுட்டு, தோலைப் பதப்படுத்தி, அளந்து எழுதினால்தான் அது ஆதாரம். சாலிம் அலியும் அப்படி நிறையப் பறவைகளைச் சுட்டவர். அறிவியலுக்கு அது தேவை என்று அவர் நியாயமும் சொன்னார். வளையத்தின் அருமை இங்கேதான் புரியும். செத்த பறவை தான் கிடந்த இடத்தை மட்டும்தான் சொல்லும். வளையம் போட்ட பறவை, போய்ச் சேர்ந்த இடத்தையும் சேர்த்துச் சொல்லும்.

1941-ல் இந்தியப் பறவைகள் பற்றி அவர் எழுதிய படப் புத்தகம் வெளிவந்தது. சாதாரண ஆளும் பறவையைப் பார்த்துப் பெயர் சொல்லலாம் என்ற நிலை வந்தது அதற்குப் பிறகுதான். நடுவே ஒரு தமாஷ். பைக் பைத்தியமான அவர், 1950-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தன் சன்பீம் மோட்டார்சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் ஐரோப்பாவில் ஓட்டினார். அவர் இந்தியாவிலிருந்தே பைக்கில் வந்துவிட்டார் என்று மாநாட்டில் சிலர் நம்பிவிட்டார்கள்.

பறவைகள் மேல் விழுந்த பழி

வளையம் மாட்டுகிற பெரிய திட்டத்துக்குப் பல வருடமாகப் பணம் தேடிக்கொண்டிருந்தார். அது கிடைத்த விதம் விசித்திரமானது.

1957-ல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா பகுதியில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பிறகு மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல் வந்தது. உண்ணி கடித்துப் பரவும் வைரஸ் அது. ரஷ்யாவில் தெரிந்திருந்த ஒரு வைரஸோடு ஒத்துப்போனது. உடனே சந்தேகம் வலசைப் பறவைகள் மேல் விழுந்தது. சைபீரியாவிலிருந்து உண்ணியைச் சுமந்து வந்து இங்கே நோயைக் கொட்டுகின்றனவா?

பதில் வேண்டுமென்றால் எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். அது யாருக்கும் சரியாகத் தெரியாது. சாலிம் அலி இந்த வாசலைப் பிடித்துக்கொண்டார். உலக சுகாதார அமைப்பின் உதவியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வலசை ஆய்வுத் திட்டம் தொடங்கியது.

பறவை பிடிக்கத் தெரிந்த ஆட்கள்? பீகாரின் மீர்ஷிகார்கள் வந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்றுப் பிழைத்த சமூகம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலை, கண்ணி, மூங்கில் குச்சி என்று ஒவ்வொரு பறவைக்கும் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். அந்தக் கைத்திறன் அப்படியே அறிவியலுக்கு வந்தது. பிடித்து, எடை பார்த்து, உண்ணி எடுத்து, வளையம் மாட்டி, விட்டுவிடுவார்கள்.

கடைசியில், கியாசனூர் நோயைப் பறவைகள் கொண்டுவந்தன என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த வைரஸ் உள்ளூர் காட்டு உண்ணிகளிலும் சிறு விலங்குகளிலும்தான் வாழ்கிறது. பழி நீங்கியது. கூடவே, வளையம் போட்ட பறவைகள் பற்றி சோவியத் யூனியனிலிருந்து தகவல்கள் வர ஆரம்பித்தன.

ஆனால் தலைவலி வேறு பக்கமிருந்து வந்தது. பின்னாளில் திட்டத்துக்கு அமெரிக்க ராணுவத்தோடு தொடர்புள்ள ஓர் ஆய்வு அமைப்பின் பணமும் வந்தது. சாலிம் அலியோடு சேர்ந்து பத்துத் தொகுதிப் பறவைக் கையேட்டை எழுதிய டில்லன் ரிப்ளே, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவு அமைப்பில் இருந்தவர். போதாதா? பறவை மூலம் கிருமி பரப்பும் போர் ஆராய்ச்சிக்கு இது முன்னோட்டமா என்ற சந்தேகம் எழுந்தது. 1970-களின் நடுவில் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு வரை விவகாரம் போனது. சாலிம் அலி அதை அடியோடு மறுத்தார். அவருக்குப் பறவைகளின் வழித்தடம்தான் தெரிய வேண்டியிருந்தது என்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பணம் கொடுத்தவர்களுக்கு என்ன தெரிய வேண்டியிருந்தது என்பது வேறு கேள்வி. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்ட எம்.பி.க்களைக் குறை சொல்லவும் முடியாது.

கோடியக்கரையில் தெரியும் ஆர்க்டிக்

1962-ல் சாலிம் அலி கோடியக்கரைக்கு வந்தார். உப்பளம், சேறு, ஆழமில்லாத தண்ணீர். வெளியாட்கள் பார்வையில் ஒன்றுக்கும் உதவாத நிலம். அவர் கண்ணுக்கு அது பல்லாயிரம் கரையோரப் பறவைகள் இறங்கும் விமான நிலையம். 1967-ல் அது சரணாலயமானது. 1969 முதல் சங்கத்தின் ஆட்கள் அங்கே வலை கட்டத் தொடங்கினார்கள்.

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. துருவப் பகுதிப் பறவைகள் குறைகின்றனவா, கூடுகின்றனவா என்று எப்படிக் கணக்கெடுப்பது?

அண்டார்டிகாவின் பெங்குயின்கள் விஷயத்தில் வழி உண்டு. கூட்டமாக ஒரே இடத்தில் முட்டையிடும். ட்ரோன் படம் எடுக்கலாம். எம்பரர் பெங்குயின்களின் எச்சம் பனியில் விடுகிற கறையைச் செயற்கைக்கோள் படத்திலேயே பார்க்கலாம். இந்தியாவும் இந்த வேலையைச் செய்கிறது. இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நம் அண்டார்டிகா நிலையங்களைச் சுற்றிப் பெங்குயின்களையும், பாறை இடுக்கில் கூடு கட்டும் பனிப் பெட்ரல் என்ற கடற்பறவையையும் கணக்கெடுக்கிறார்கள்.

ஆர்க்டிக்கில் முட்டையிடும் உள்ளான்கள் அப்படியில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த மரமில்லாத துந்திர நிலத்தில், ஒவ்வொரு ஜோடியும் தனித்தனியாக, தரையில், பாசி நிறத்தில் மறைந்து கூடு வைக்கும். எல்லாவற்றையும் தேடி எண்ண ஆளும் இல்லை, பாதையும் இல்லை. அதனால் அவை குளிர்காலத்தில் கூடுகிற இடத்தில் எண்ண வேண்டும். அதாவது நம் பக்கத்தில்.

எண்ணுவது மட்டும் போதாது. கையில் பிடித்தால் இறக்கையைப் பார்த்து, அது அந்த வருடம் பிறந்த குஞ்சா, பழைய பறவையா என்று சொல்லிவிடலாம். வலையில் குஞ்சுகளின் விகிதம் அதிகம் என்றால் ஆர்க்டிக்கில் அந்தக் கோடை நன்றாகப் போயிருக்கிறது. இல்லையென்றால் அங்கே ஏதோ சரியில்லை.

வளைந்த அலகு கொண்ட கர்லூ சேண்ட்பைப்பர் என்ற உள்ளான் இதற்கு நல்ல உதாரணம். சைபீரிய துந்திரத்தில் லெமிங் என்ற எலி போன்ற பிராணி சில வருடங்களில் பெருகும், அப்புறம் சட்டென்று குறையும். பெருகின வருடத்தில் ஆர்க்டிக் நரிகள் அதைத் தின்று வயிறு நிறைத்துக்கொள்ளும். குறைந்த வருடத்தில் நரியின் பார்வை உள்ளான் முட்டை மேலும் குஞ்சு மேலும் திரும்பும். அந்த வருடம் தெற்கே வருகிற கூட்டத்தில் இளம் பறவைகளைப் பார்ப்பதே அரிது. துருவத்தில் எலி குறைந்தால், வெப்பமண்டலக் கடற்கரை வலையில் அது தெரியும். ஒரு வருடத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. வருடக்கணக்கான பதிவு வேண்டும். வளைய நோட்டுப்புத்தகங்களின் மதிப்பு அங்கேதான்.

அந்த நீண்ட காலப் பதிவுகள் இப்போது நல்ல செய்தி சொல்லவில்லை. உலகம் முழுக்க எடுத்த கணக்கை வைத்து, 2024 அக்டோபரில் பல கரையோரப் பறவைகளின் அபாய நிலை உயர்த்தப்பட்டது. கர்லூ சேண்ட்பைப்பரும் அதில் ஒன்று. இப்போது அது அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனம். பிறக்கிற இடத்தில் வெப்பம் கூடுகிறது. வழியில் இறங்கித் தின்கிற சேற்று நிலங்கள் காணாமல் போகின்றன.

கடைசி வருடங்களும் அதற்குப் பிறகும்

புகழ் தாமதமாக, ஆனால் மொத்தமாக வந்தது. 1958-ல் பத்மபூஷண். 1976-ல் பத்மவிபூஷண். அதே காலத்தில் கெட்டி வனவிலங்கு விருது கிடைத்தது. அதன் 50,000 டாலரையும் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்தார். பரத்பூர் ஏரியும் கேரளத்தின் சைலன்ட் வேலியும் பிழைத்ததில் அவர் குரலுக்கும் பங்குண்டு. 1985-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். சுயசரிதைக்கு, சிறுவயதில் விழுத்திய அந்தக் குருவியை வைத்தே பெயர் கொடுத்தார். 1987-ல், 90 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

அதே 1987-ல்தான் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரே காலத்தில் பல நாடுகளில் நடக்கும் எண்ணிக்கை அது. பட்டமோ பதவியோ தேவையில்லை, பறவையை அடையாளம் காணத் தெரிந்தால் போதும். 1990-ல் கோவை ஆனைகட்டியில் அவர் பெயரில் பறவையியல் மையம் வந்தது. இப்போது அது இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஒரு பகுதி. அண்டார்டிகாவில் பெட்ரல் கூடுகளை எண்ணுகிற அதே நிறுவனம்தான்.

திருப்பூர் பக்கம் வருவோம். சாயக் கழிவால் நொய்யல் நாறி, 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட வரலாறு ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட ஊரில், நல்லாற்று மழைநீரை நம்பி நிற்கிற சுமார் 126 ஹெக்டேர் குளம் 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. அந்தப் பட்டியலுக்குக் கொடுத்த ஆவணத்தில் இங்கே 191 பறவை இனங்கள் என்று இருக்கிறது. பட்டியல் போட்டது வருடக்கணக்கில் விடிகாலையில் பைனாகுலரோடு வந்து நின்றவர்கள். 2015-லிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் யார் வேண்டுமானாலும் சேரலாம். பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை இ-பேர்ட் செயலியில் பதிந்தால் போதும்.

வளையம் போட்ட பறவை கண்ணில் பட்டால் என்ன செய்யலாம்? உயிரோடு இருந்தால் துரத்திப் பிடிக்க வேண்டாம். காலில் இருக்கும் வளையம் அல்லது பிளாஸ்டிக் கொடியின் நிறம், எழுத்து, எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் படம் மட்டும் எடுத்து, வனத்துறையிடமும் வளையத்தில் உள்ள முகவரிக்கும் சொல்லுங்கள். அந்த முகவரி பெரும்பாலும் மும்பையில் இருக்கும், பழைய சங்கத்தின் முகவரி. சில சமயம் ரஷ்யாவில்.